பதினைந்தாம் பாகத்துக்கு அடித்த துக்க மணி

ஜூன் 12, திங்கள்

இரண்டு தவறுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

துக்க மணி அடித்தபோது நான் சிரித்தேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் சிரிக்கவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டேன். வாயில் துணிக் கிளிப் இரண்டு இருந்தன. வாயில் கிளிப் வைத்திருப்பவளின் முகம் அடுத்த மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பது போலத் தெரியலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது, என் நாத்தனார் மெல்பாவை அழவைக்க வேண்டும் என்றே அந்தத் தொடரை அவளுக்குச் சொன்னேன் என்பது. இதுவும் தவறு.

நடந்தது இதுதான். மெல்பாவின் கணவர் லாம்பர்ட் நெஞ்சுவலி வந்து ஐசியூவில் கிடக்கிறார். மெல்பா வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே விடுவது காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான். அவள் எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினாள்: "புத்தகம் தைக்கிறவன் தொடர் முடிஞ்சிட்டு. அதே மாதிரி ஒண்ணு சொல்லுங்க. மனசு நிலைகொள்ளல."

குழு நான் தொடங்கியது. கொரியா, சீனா, ஜப்பான், தாய்லாந்துக் காதல் தொடர்களும் படங்களும் பார்க்கிற எங்கள் கோயில் பங்குப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். பெயர் 'கடைசிப் பாகம்'. பெயரை வைத்தவளும் நான்தான், ஏனென்றால் முதல் விதி அது: கடைசிப் பாகம் வரை பார்க்காத எதையும் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. இரண்டாவது விதி, முடிவைச் சொல்லக் கூடாது. மூன்றாவது, "இதைப் பார்த்தவர்கள் அதையும் பாருங்கள்" என்று சும்மா எழுதக் கூடாது. எந்தப் பாகத்தில் எது எதற்கு ஒத்துப்போகிறது என்று பொருத்தம் காட்ட வேண்டும். குரல் செய்தி அனுமதி இல்லை.

நான் மெல்பாவுக்கு 'கடைசிப் படகுக்கு முன்' என்ற கொரியத் தொடரைச் சொன்னேன். பதினாறு பாகம். பொருத்தங்களும் எழுதினேன். இரண்டு கதாநாயகர்களும் கையால் வேலை செய்கிறவர்கள். ஒருவன் கிழிந்த புத்தகங்களைத் தைக்கிறான், மற்றவன் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். இரண்டிலும் காதலைச் சொல்லாமல் சாப்பாடு போடுகிறார்கள். குடைக்குள் நனைவது, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, விபத்தில் எல்லாம் மறந்துபோவது ஆகிய மூன்று அபத்தங்களும் இரண்டிலும் இல்லை. சரியான பொருத்தம். இப்போதும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

பதினைந்தாம் பாகத்தில் அந்தப் படகுக்காரன் ஆஸ்பத்திரியில் நெஞ்சடைத்துச் சாகிறானாம். மெல்பா அதை ஐசியூ வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வாய்விட்டுக் கதறியிருக்கிறாள். அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்த எங்கள் பங்குக்காரர் ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல், கோயிலுக்குப் போன் போட்டிருக்கிறார். உபதேசியார் துக்க மணி அடித்துவிட்டார். பாதித் தெரு மெல்பா வீட்டு வாசலில் கூடிவிட்டது. யாரோ சொல்லி ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியது. அந்த நேரத்தில் லாம்பர்ட் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்கள் வாதம் இது. கடைசி வரை பார்க்காத எதையும் ஜெரால்டின் மிராந்தா சொல்ல மாட்டாள். ஆகவே அவன் சாவது அவளுக்குத் தெரியும். ஆகவே தெரிந்தே அனுப்பினாள்.

வாதத்தில் குறை இல்லை. கான்வென்டில் மதர் பெனடிக்டா இதற்கு முழு மதிப்பெண் போடுவார்.

ஜூன் 13, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் இரைகிறது. பிளம்பர் காலையில் வருகிறேன் என்றான், வரவில்லை. துருவிய தேங்காய் மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தேன்.

சாப்பிட்ட பிறகு, போன வாரம் தொடங்கிய ஒரு கொரியத் தொடர் பார்த்தேன். மெழுகுவர்த்திக் கடைக்காரியும் வழக்கறிஞனும். ஆரம்பம் மந்தம், ஐந்தாம் பாகத்தில் பிடித்துக்கொள்கிறது. பதினான்காம் பாகத்தில் ரயில் நிலையத்தில் பிரிகிறார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் இருவரும் நடையை மெதுவாக்குகிறார்கள். நல்ல இயக்குநர். அத்துடன் தொலைக்காட்சியை அணைத்தேன். நாளை புதிதாக ஒன்று தொடங்க வேண்டும்.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. வழக்கமாக என் காலை வணக்கத்துக்கு எல்லோரும் பூப்படம் அனுப்புவார்கள். பூப்படம் அனுப்பாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்று ஒருவரும் அனுப்பவில்லை.

ஜூன் 14, புதன்

சுகந்தி வந்தாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. போன தவக்காலத்தில் ஒரு தாய்லாந்துத் தொடரை நான்கு பாகம் மட்டும் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதியதற்காக நான் குழுவிலிருந்து நீக்கியவள். கையில் மக்ரூன் பொட்டலம்.

"உள்ள வரலாமா ஆன்ட்டி? இல்ல, அதுக்கும் விதி இருக்கா?"

"செருப்பக் கழத்திட்டு வா."

"மக்ரூன் வாங்கிட்டு வந்தேன். சந்தோஷ சமாச்சாரம்லா."

"என்ன சந்தோஷம்?"

"ஊர்லயே நான் ஒருத்திதான் தப்பாத் தொடர் சொன்னவன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பம் ஒங்க கூட்டு கெடச்சிருக்கு."

நான் மின்விசிறியைப் போட்டேன். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளே என் கணவர் எட்மண்டின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது வேண்டாம், இதுல உக்காரு" என்றேன். எழுந்து மாறிக்கொண்டாள். அந்த மட்டும் வளர்ப்பு இருக்கிறது.

"நான் சொன்னதப் பாத்து யாருக்காச்சும் மணி அடிச்சாங்களா ஆன்ட்டி?"

"லாம்பர்ட் ஒண்ணும் சாகலயே."

"ஐஸ் பெட்டி வந்துட்டே! அந்த ஆளு வாடக கேட்டு இன்னும் நடக்கானாம். மெல்பா ஆன்ட்டி பையன் டெரன்ஸ் மஸ்கட்லருந்து டிக்கெட் எடுத்து, அப்பறம் கேன்சல் பண்ணிருக்கான்."

"நீ எதுக்கு வந்த?"

"ஒண்ணே ஒண்ணு கேக்க. அந்தப் படகுத் தொடரக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

"விதிய எழுதுனதே நான்தான்."

"அது பதில் இல்ல. கேள்விக்கு பதில் எழுதாமப் பக்கத்த நெரப்புற பிள்ளைங்கள நான் தெனமும் பாக்கேன்."

"பாத்தேன்."

"சரி. சாகுறதுக்கு முன்னால அவன் அவகிட்ட என்ன கேட்டான்?"

"முடிவச் சொல்லக் கூடாது. ரெண்டாவது விதி."

"நான்தான் குழுவுலயே இல்லயே ஆன்ட்டி. என்கிட்ட சொல்லலாம்லா?"

அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை எடுத்துத் தானே தின்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பாக்காமச் சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு ஒங்க மேல கோவமே கெடையாது. பாத்துட்டுச் சொல்லியிருந்தா இனிமே ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் கதவைச் சாத்தினேன். மக்ரூன் புதிதாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

லாம்பர்ட்டுக்கு மட்டன் சூப் வைத்து, உப்பில்லாமல், ஃபிளாஸ்கில் ஊற்றி ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன். அதே ஆட்டோவில் ஃபிளாஸ்க் திரும்பி வந்தது. திறக்கப்படவில்லை.

ஜூன் 16, வெள்ளி

மெல்பாவின் மகன் டெரன்ஸ் மஸ்கட்டிலிருந்து பேசினான். குழந்தையிலிருந்தே நிதானமானவன். அவனுக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"மாமி, வியாழக்கெழம அப்பாவுக்கு பைபாஸ். எனக்கு லீவு கெடைக்கல. அம்மா தனியா இருக்கா. நீங்க ரெண்டு பேரும் இப்பம் இப்பிடி இருக்கக் கூடாது."

"நான் எப்பவும் போலத்தான் இருக்கேன்."

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க மாமி. தெரியாமச் சொல்லிட்டேன், அவன் சாவான்னு எனக்குத் தெரியாதுன்னு. அது போதும். அம்மா அழுதுட்டு விட்டுருவா."

"அப்படிச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"முடியாது."

"அப்பம் தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா?"

லைன் சரியில்லை என்றேன். சரியாகத்தான் இருந்தது. அவன் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

தெரியாது என்று சொன்னால், ஏன் தெரியாது என்பது அடுத்த கேள்வி. நான்கு பாகம் பார்த்த சுகந்தியை வெளியே அனுப்பியவள் நான். அந்த அடுத்த கேள்விக்கு பதில் சொல்வதைவிடக் கொடுமைக்காரி என்று பெயர் எடுப்பது சுலபம். கொடுமைக்காரிக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. அரைகுறைக்கு அது கிடையாது.

மேலும், பதினான்கு பாகத்தில் ஒரு தொடரின் தரம் தெரிந்துவிடும். கடைசி இரண்டு பாகத்தில் எழுத்தாளர்கள் அவசரப்படுகிறார்கள். சீனத் தொடர் நாற்பது பாகம் என்றால் முப்பத்தைந்து போதும். படமென்றால் கடைசி இருபது நிமிடம் வெறும் இசை. நிறையப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜூன் 17, சனி

பிளம்பர் வந்தான். மோட்டாரில் ஒன்றுமில்லை, தொட்டிதான் காலி என்றான். அதற்கும் கூலி வாங்கினான்.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். என் பெஞ்சில் நான் மட்டும். முன் பெஞ்சில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்னாலிருந்த ஒருத்தி திரும்பி, என்னைப் பார்த்து, பாதி கும்பிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். பாதிக் கும்பிடை நான் ஏற்பதில்லை. நான் முழுதாகக் கும்பிட்டேன்.

வெளியே உபதேசியார் சவரிராயன் என்னைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தார். விடவில்லை.

"ஆள் உண்மையிலேயே போய்ட்டாரான்னு ஒரு வார்த்த கேக்காம மணி அடிக்கலாமா?"

"போன்ல பின்னாடி அழுக கேட்டுச்சும்மா. அம்புட்டு அழுக. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

"அழுதா செத்துட்டாருன்னு அர்த்தமா?"

"நாப்பது வருசமா மணி அடிக்கேன். சாவுக்கு அழுறது எப்படின்னு எனக்குத் தெரியும்மா. அது சாவுக்கு அழுத அழுகதான். யார் செத்தாங்கன்னுதான் தப்பாப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தொடரு அம்புட்டு நல்லா இருக்குமாம்மா? வீட்ல கேக்கா."

பொருத்தங்களைச் சொன்னேன். முடிவைச் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும்.

எட்மண்ட் போன பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மெல்பா வீட்டிலிருந்து பன்னிரண்டரைக்குத் தூக்குச் சட்டி வரும். மூன்றடுக்கு. கீழே சோறு, நடுவில் மீன் குழம்பு, மேலே பொரித்தது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. உப்புக் கூட, புளி மந்தம் என்று தவறாமல் சொல்லியனுப்பியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொண்டதாகவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருப்பவள் எப்படிச் சமைப்பாள்? வராது என்று தெரியும். இருந்தாலும் ஒரு மணி வரை தட்டு கழுவி வைத்திருந்தேன், பழக்கம். பிறகு தயிர்ச் சோறு சாப்பிட்டேன். கடைசியாக வந்த தூக்குச் சட்டி இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறர் பாத்திரத்தை வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை.

ஜூன் 20, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன்.

மூன்றாம் மாடி. அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம். நாற்காலிகளுக்கு மட்டும் புது உறை போட்டிருக்கிறார்கள். மெல்பா கடைசி நாற்காலியில் இருந்தாள், காலடியில் பை, மடியில் செல்போன் அணைந்து கிடந்தது. தலை சீவவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் ஆன நாளிலிருந்து என்னைப் பார்த்து எழுந்திருக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"சட்டியக் குடுக்க வந்தேன்" என்றேன்.

"வச்சிட்டுப் போங்க மைனி."

"லாம்பர்ட் எப்படி இருக்காரு?"

"மணி அடிச்சாச்சு. பெட்டியும் வந்துட்டு. ஆளு மட்டுந்தான் பாக்கி."

"அப்படிப் பேசாத."

"நான் பேசக் கூடாது. நீங்க அனுப்பலாம். அப்பிடித்தான?" அவள் குரல் ஏறியது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நான் எங்க உக்காந்திருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியும். எந்த வாசல்ல உக்காந்திருக்கேன்னு தெரியும். ஒரு கத கேட்டேன் மைனி. மனசு ஆறணும்னு ஒரு கத. அத்தன தொடர் பாத்திருக்கிய. ஒரு நல்ல முடிவு கெடைக்கலயா ஒங்களுக்கு, எனக்குக் குடுக்க?"

"மெதுவாப் பேசு. ஆஸ்பத்திரி இது."

"எங்க அண்ணன் போனப்பம் பக்கத்துல நான் இருந்தேன். நீங்க இல்ல. அதுக்குத்தான ஏழு வருசமா என்னத் தண்டிக்கிய? உப்புக் கூட, புளி மந்தம், எழுத்துப் பிழ, குரல் செய்தி அனுப்பாத. எல்லாம் அதுக்குத்தான?"

நான் இதை இந்த நாட்குறிப்பில் எழுதியதில்லை. இப்போது அவள் தாழ்வாரத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். ஏழு வருடத்துக்கு முன் எட்மண்ட் அதே கதவுக்கு உள்ளே இருந்தார். சாதாரணக் காலைதான். காலையில் ஒரு ஆளை உள்ளே விட்டார்கள். அவருக்கு வாய் கொப்புளிக்க வெந்நீர் வேண்டுமென்று, மெல்பாவை உள்ளே விட்டுவிட்டு, நான் ஃபிளாஸ்கோடு கீழே கேன்டீனுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்தபோது மெல்பா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். "மைனி, அண்ணன்..." என்று தொடங்கினாள். போதும் என்று கையைக் காட்டினேன். ஃபிளாஸ்க் சூடாக இருந்தது.

அதன் பிறகு அவள் இரண்டொரு தடவை சொல்லத் தொடங்கியதுண்டு. நான் பேச்சை மாற்றியதுண்டு. அந்த மாதத்தில்தான், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது என்று சொல்லி, அவளே என் தொலைக்காட்சியில் இந்தத் தொடர்களைப் போட்டுக் கொடுத்தாள். முதன்முதலில் பரிந்துரை செய்தவள் அவள்தான். எனக்குக் கற்றுக்கொடுத்ததாக அவள் ஊரில் சொல்லிக்கொள்வதை நான் மறுத்து வந்திருக்கிறேன். பொத்தானை அழுத்தியது அவள் என்ற அளவில் உண்மை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். இப்போது குரல் இறங்கிவிட்டது. "அவன் சாவான்னு தெரிஞ்சே அனுப்புனியளா? ஆமாவா, இல்லயா? ஆமான்னா ஆமான்னு சொல்லிட்டுப் போங்க. இனிமே ஒங்க வாசல மிதிக்க மாட்டேன், அம்புட்டுதான். எனக்குத் தெரியணும்."

தூக்குச் சட்டியை அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கைப்பிடியை நேராகத் திருப்பி வைத்தேன்.

ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது.

ஜூன் 21, புதன்

ரேஷன் கடையில் பருப்பு வாங்கினேன். கூட்டம் இல்லை.

பகலில் 'கடைசிப் படகுக்கு முன்' தொடரை எடுத்தேன். பதினைந்தாம் பாகத்துக்கு நேராக ஒரு கோடுகூட ஓடவில்லை. முந்தைய பதினான்கு பாகங்களுக்குக் கீழெல்லாம் சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருக்கிறது. பார்க்காததைத் தொலைக்காட்சி இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. நல்லவேளை, சுகந்தி வந்த அன்று அணைத்து வைத்திருந்தேன்.

போட்டேன். முதல் காட்சி ஆஸ்பத்திரித் தாழ்வாரம். ஓரமாக நாற்காலிகள். அந்தப் பெண் கையில் எதையோ மூடி வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள்.

கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து அணைத்துவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

காலையிலிருந்து மாடியில் இருந்தேன். துவைக்க வேண்டிய போர்வைகள் நிறைய இருந்தன.

மணி அடிக்கவில்லை.

மாலை ஆறுக்கு மூவேளைச் செபத்துக்கு அடித்தது. அது வேறு மணி. ஆனாலும் முதல் ஒலியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 23, வெள்ளி

பைபாஸ் நன்றாக முடிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. உபதேசியார் மீன்காரியிடம் சொன்னதை மீன்காரி என்னிடம் சொன்னாள். லாம்பர்ட் கண் திறந்ததும் முதலில் கேட்டது, தனக்கு அடித்த மணிக்கு யார் யார் வந்தார்கள் என்பதாம். பெயர் பெயராகக் கேட்கிறாராம்.

குழுவில் எழுதினேன்: "முதல் விதி இன்றோடு நீக்கப்படுகிறது. சுகந்தி மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறாள். காரணம் கேட்க வேண்டாம்."

சுகந்தியிடமிருந்து மட்டும் பதில் வந்தது. குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்.

"ஆன்ட்டி, ஒங்க பழைய பொருத்தத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஏழாம் பாகத்துல அது, பன்னெண்டாம் பாகத்துல இதுன்னு எழுதியிருக்கீங்க. பதினாறு பாகத் தொடர் ஒண்ணுலயாவது பதினாலத் தாண்டல. குழுவுல சொல்ல மாட்டேன். மெல்பா ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிரவா? அவங்க பாவம்."

அவளை நான் முட்டாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சோம்பேறி என்றுதான் சொன்னேன்.

"வேண்டாம். அது என் வேலை" என்று பதில் எழுதினேன். பிறகு, மக்ரூனுக்கு நன்றி என்றும் சேர்த்தேன்.

ஜூன் 24, சனி

கீழே இருப்பது இன்று நான் மெல்பாவுக்கு எழுதியதன் நகல். ஒரு உறையில் இதையும், கோடு போட்ட தாள்கள் சிலவற்றையும், என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறையையும் வைத்து, சுகந்தியிடம் கொடுத்தனுப்பினேன். ஒட்டித்தான் கொடுத்தேன். அவள் உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நான் முறைத்ததும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெல்பா,

லாம்பர்ட் தேறிவருவது அறிந்து மகிழ்ச்சி. சூப்பைத் திருப்பி அனுப்பியது தவறு. அது உனக்கில்லை, அவருக்கு. தாழ்வாரத்தில் நீ சத்தம் போட்டதையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

நீ ஒரு கேள்வி கேட்டாய். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இல்லை. அவன் சாவான் என்று எனக்குத் தெரியாது. 'கடைசிப் படகுக்கு முன்' தொடரில் நான் பதினான்காம் பாகம் வரைதான் பார்த்திருக்கிறேன். 'புத்தகம் தைக்கிறவன்' தொடரிலும் அப்படித்தான். நீ என் வீட்டில் முதன்முதலில் போட்டுக் கொடுத்த அந்தத் தபால்காரி தொடரிலிருந்து இன்றுவரை ஒன்றின் முடிவும் எனக்குத் தெரியாது. ஆகவே உனக்குக் கொடுக்க என்னிடம் நல்ல முடிவு எதுவும் இருக்கவில்லை. கெட்டதும் இருக்கவில்லை. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். சுகந்திக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். நீ இரண்டையும் பார்த்தவள்.

பதினைந்தாம் பாகத்தில் அந்தப் படகுக்காரன் எப்படிப் போனான் என்று எழுது. அவள் கையில் மூடி வைத்துக்கொண்டு வந்தது என்ன, அது அவனுக்குக் கிடைத்ததா, அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று எழுது. பதினாறாம் பாகத்தில் அதன் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்றும் எழுது.

அதை எழுதி முடித்த பிறகு, தனித் தாளில், நான் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தபோது நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுது. உன் அண்ணன் விழித்திருந்தாரா. என்னைக் கேட்டாரா. கேட்டிருந்தால், நீ என்ன பதில் சொன்னாய். எனக்காக எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுத்துப் பிழையைப் பார்க்க மாட்டேன்.

குரல் செய்தி வேண்டாம், நேரிலும் சொல்ல வேண்டாம். நீ சொல்லத் தொடங்கினால் நான் மறுபடியும் கையைக் காட்டிவிடுவேன். தாளும் உறையும் இதனுடன் இருக்கின்றன. பதிலை எழுத்தில் அனுப்பு.

ஜெரால்டின்